வெல்ஸ் நகரில் மறைந்த புகைவண்டிகளும் மாறிய கட்டடங்களும்

புகைவண்டியை உலகுக்கு அளித்த நாடு இங்கிலாந்து. 1825ஆம் ஆண்டில் ஸ்டாக்டன், டார்லிங்டன் என்னும் ஊர்களுக்கு இடையிலும், 1830இல் லிவர்பூல், மான்செஸ்டர் நகரங்களுக்கு இடையிலும் நீராவி வண்டிகள் ஓடத் தொடங்கின. அத்தகைய நாட்டில் புகைவண்டியே செல்லாத நகரம் இருக்க முடியுமா? இருக்கிறது! ஒன்றல்ல, இரண்டு. வடக்கே ரிப்பன், தென்மேற்கே வெல்ஸ். இவற்றுள் வெல்ஸ் நகரின் கதை வியப்பானது. இன்று ஒரு நிலையம்கூட இல்லாத அச்சிறு நகரில் ஒரு காலத்தில் மூன்று நிலையங்கள் இருந்தன! அவை எப்படி வந்தன, ஏன் மறைந்தன, அவற்றைவிடப் பல நூற்றாண்டு மூத்த கட்டடங்கள் மட்டும் எவ்வாறு நிலைத்தன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஊற்றுகளின் நகரம்

சாமர்செட் மாவட்டத்தில், மெண்டிப் குன்றுகளின் தென்புற அடிவாரத்தில் அமைந்துள்ளது வெல்ஸ். பிரிஸ்டல் மாநகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவு. 'வெல்ஸ்' என்றால் ஊற்றுகள் என்று பொருள். குன்றுகளின் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் இறங்கும் மழைநீர், ஆயர் இல்லத் தோட்டத்தில் ஊற்றுகளாகப் பொங்கி எழுகிறது. அவற்றுள் ஒன்றுக்குப் புனித அந்திரேயாவின் ஊற்று என்று பெயர். அந்த நீரே ஆயர் இல்லத்தைச் சுற்றியுள்ள அகழியை நிரப்புகிறது. அகழியில் வாழும் அன்னங்கள், பசித்தால் சுவரோரம் தொங்கும் மணியின் கயிற்றை அலகால் இழுத்து உணவு கேட்குமாம்!

மக்கள் தொகை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டாத இவ்வூரை, நம் கணக்கில் ஒரு சிற்றூர் என்றே சொல்லிவிடலாம். ஆயினும் இங்கிலாந்து வழக்கப்படி இது நகரம். ஏனெனில் இங்கு ஆயரின் பேராலயம் இருக்கிறது. இலண்டன் மாநகரின் நடுவேயுள்ள பழைய நகரப் பகுதியை விட்டுவிட்டால், இங்கிலாந்தின் மிகச் சிறிய நகரம் வெல்ஸ்தான்.

மூன்று கம்பெனிகள், மூன்று நிலையங்கள்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் இருப்புப்பாதைகளை அமைத்தது அரசாங்கம் அன்று. தனியார் கம்பெனிகள் பங்குகள் விற்றுப் பணம் திரட்டி, பாராளுமன்றத்தின் அனுமதி பெற்று, தத்தம் விருப்பப்படி பாதை போட்டன. பெரிய பாதைகள் வெல்ஸ் நகரைத் தொடாமல் மேற்கேயும் கிழக்கேயும் சென்றுவிட்டன. எனவே சிறு கிளைப் பாதைகளே இந்நகரை நாடி வந்தன.

முதலில் 1859இல் சாமர்செட் சென்ட்ரல் கம்பெனியின் பாதை, தென்மேற்கேயுள்ள கிளாஸ்டன்பரியிலிருந்து வந்தது. அதன் நிலையம் பிரையரி ரோடு. அடுத்து 1862இல் கிழக்கு சாமர்செட் கம்பெனியின் பாதை, ஷெப்டன் மாலெட் வழியாகக் கிழக்கிலிருந்து வந்து, தனக்கென வேறொரு நிலையம் கட்டிக்கொண்டது. கடைசியாக 1870இல் பிரிஸ்டல் - எக்ஸிடர் கம்பெனியின் பாதை, யாட்டன் என்னும் ஊரிலிருந்து செடார் வழியாக வடமேற்கிலிருந்து வந்தது. அதற்கு டக்கர் தெருவில் நிலையம் எழுந்தது.

மூன்று நிலையங்களும் ஒரு மைல் தூரத்துக்குள் அடங்கியவை. ஆயினும் ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏற விரும்பிய பயணி, மூட்டை முடிச்சுகளோடு தெருவில் நடக்க வேண்டியிருந்தது! கம்பெனிகள் வெவ்வேறாக இருந்ததோடு, தண்டவாளங்களின் அகலமும் வேறுபட்டது. மேற்குப் பகுதிக் கம்பெனிகள் புகழ்பெற்ற பொறியாளர் புரூணல் வகுத்த 7 அடி கால் அங்குல அகலப் பாதையைக் கையாண்டன. நாட்டின் பிற பகுதிகளிலோ 4 அடி 8½ அங்குலமே வழக்கம். (நம் நாட்டு அகலப் பாதை 5 அடி 6 அங்குலம் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க.) சாமர்செட் சென்ட்ரல், 1862இல் மற்றொரு கம்பெனியோடு இணைந்து 'சாமர்செட் - டார்செட்' ஆயிற்று. அந்தப் பத்தாண்டிலேயே அது குறுகிய அகலத்துக்கு மாறிவிட்டது. மற்ற இரண்டும் 1874, 1875ஆம் ஆண்டுகளில்தான் மாறின. அதுவரை ஒரு கம்பெனியின் வண்டி மற்றொன்றின் தண்டவாளத்தில் கால் வைக்கவே இயலாது. சரக்குகளைக் கையால் இறக்கி, மறுபடியும் ஏற்ற வேண்டும்.

ஐம்பத்தாறு ஆண்டுகள் நில்லாத வண்டி

பின்னர் கிழக்குப் பாதையும் செடார் பாதையும் கிரேட் வெஸ்டர்ன் என்னும் பெரிய கம்பெனியின் கைக்கு வந்தன. அவ்விரண்டையும் இணைக்க வேண்டுமானால் நடுவிலுள்ள சாமர்செட் - டார்செட் நிலத்தைக் கடந்தாக வேண்டும். அதையோ 1875இல் கிரேட் வெஸ்டர்னின் போட்டிக் கம்பெனிகள் இரண்டு கூட்டாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டன! ஒருவாறு 1878இல் நேர்வண்டிகள் ஓடத் தொடங்கின. கிழக்கு சாமர்செட் நிலையம் தேவையற்றதாகிப் பயணிகளுக்கு மூடப்பட்டது. வெல்ஸ் நகரில் முதலில் மறைந்த நிலையம் அதுவே. அது பயணிகளுக்குப் பயன்பட்டது பதினாறே ஆண்டுகள்.

அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. கிரேட் வெஸ்டர்ன் வண்டிகள் பிரையரி ரோடு நிலையத்தின் வழியாகவே சென்றன. ஆனால் அங்கே நிற்கவில்லை. 1934ஆம் ஆண்டில்தான் நிற்கத் தொடங்கின. அதாவது 56 ஆண்டுகள்! செடாரிலிருந்து வந்து கிளாஸ்டன்பரிக்குச் செல்ல விரும்பியவர், தாம் சேர வேண்டிய நிலையத்தைச் சன்னல் வழியே பார்க்கலாம், இறங்க முடியாது. டக்கர் தெருவில் இறங்கி நடக்கத்தான் வேண்டும். கம்பெனிகளின் போட்டிக்கு விலை கொடுத்தவர்கள் பயணிகளே.

குறைகள் இருந்தாலும் நன்மைகளும் பெரியவை. செடார் பள்ளத்தாக்கின் தென்முகச் சரிவுகளில் ஸ்ட்ராபெரிப் பழம் செழித்து விளையும். பறித்த பழம் விரைவில் கெட்டுவிடும். தொலைவிலுள்ள பெரிய நகரங்களுக்கு அதை விரைந்து கொண்டுசெல்லப் புகைவண்டி வந்த பிறகே வழி பிறந்தது. அதனால் அப்பாதைக்கு 'ஸ்ட்ராபெரிப் பாதை' என்ற செல்லப் பெயரே வாய்த்தது. மெண்டிப் குன்றுகளில் வெட்டிய கல்லும், பண்ணைகளின் பாலும் பாலாடைக்கட்டியும் புகைவண்டியிலேயே பயணம் செய்தன.

ஏன் மறைந்தன?

பிரிட்டனில் சிறு பாதைகள் மூடப்பட்டதற்கு மருத்துவப் பட்டம் போன்ற 'டாக்டர்' அடைமொழி கொண்ட ஒருவரையே பலரும் குறை கூறுவர். அவர் மருத்துவர் அல்லர்; இயற்பியல் கற்ற முனைவர் ரிச்சர்ட் பீச்சிங். பிரிட்டிஷ் இரயில்வேயின் தலைவராக இருந்த அவர் 1963 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் 2,363 நிலையங்களையும் மூடலாம் என்றது அது. நாட்டின் நிலையங்களுள் பாதி, பயணிகள் வருவாயில் நூற்றுக்கு இரண்டு பங்கையே ஈட்டுகின்றன என்று அது கணக்குக் காட்டியது.

ஆனால் வெல்ஸ் நகரின் கதையை உற்று நோக்கினால், நோய் அதற்கும் முற்பட்டது என்பது புலப்படும். கிளாஸ்டன்பரி - வெல்ஸ் கிளைப் பாதையும் பிரையரி ரோடு நிலையமும் 1951 அக்டோபரிலேயே மூடப்பட்டன. அறிக்கைக்குப் பதினோரு ஆண்டுகளுக்கும் முன்பு! முதல் உலகப் போருக்குப் பிறகு பேருந்துகளும் லாரிகளும் பெருகின. லாரி பண்ணை வாசலுக்கே வந்து சரக்கை ஏற்றி, கடை வாசலிலேயே இறக்கிவிடும். பேருந்தோ ஊரின் நடுவிலேயே நிற்கும். நிலையத்துக்கு நடந்து, வண்டி மாறி, மறுபடியும் நடக்க யாருக்கு மனம் வரும்? வசதி உள்ளவர்கள் சொந்தக் கார் வாங்கினர்.

1963 செப்டம்பர் 9ஆம் நாள் முதல் யாட்டன் - வெல்ஸ் - விதாம் பாதையில் பயணிகள் வண்டி நிறுத்தப்பட்டது. டக்கர் தெரு நிலையமும் மூடப்பட்டது. 1966 மார்ச் 7இல் சாமர்செட் - டார்செட்டின் முதன்மைப் பாதையும் மறைந்தது. 1859இல் தொடங்கிய வெல்ஸ் நகரப் பயணிகள் புகைவண்டியின் ஆயுள் 104 ஆண்டுகள். இன்று வெல்ஸ் மக்கள் புகைவண்டி ஏற விரும்பினால், ஏறத்தாழ 12 மைல் தொலைவிலுள்ள காசில் கேரி போன்ற நிலையங்களுக்குச் செல்ல வேண்டும்.

இதனால் துன்பப்படுவோர் யார் என்பதையும் எண்ண வேண்டும். கார் உள்ளவருக்குப் பெரிய இழப்பில்லை. கார் ஓட்டாத முதியோர், வேறு ஊருக்குப் படிக்கச் செல்லும் மாணவர், கார் வாங்க இயலாத ஏழைக் குடும்பத்தினர் ஆகியோருக்குப் பேருந்தே கதி. வருவாய்க் கணக்கில் இவர்களது தேவைக்கு இடமில்லை.

தண்டவாளம் போன இடம்

தண்டவாளங்களைப் பெயர்த்த பின் அந்த நிலம் என்ன ஆயிற்று? வெல்ஸ் நகரில் நிலையங்கள் இருந்த பகுதிகள் சாலைகளாகவும் கட்டடங்களாகவும் உருமாறிவிட்டன. ஒரு சாலைக்கு 'ஸ்ட்ராபெரி வே' என்றும், மற்றொன்றுக்குக் 'கிழக்கு சாமர்செட் வே' என்றும் பெயர். பாதை போய்ப் பெயர் மட்டும் எஞ்சியது.

வழியிலிருந்த ஊர்களுக்கு நல்ல காலம். ஆக்ஸ்பிரிட்ஜ் நிலையக் கட்டடம் இளைஞர் மன்றமாயிற்று. செடார் நிலையத்திலோ, பின்னாளில் பேராலயத் திருப்பணியோடு தொடர்புடைய கற்றச்சர்களின் பட்டறை குடிபுகுந்தது! யாட்டனிலிருந்து செடார் வரை ஏறத்தாழ 10 மைல் நீளத்துக்குப் பழைய தடம் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரிய பாதையாகிவிட்டது. புகைவண்டி சென்ற குகைவழி ஒன்றின் ஊடாக இன்று சிறுவர் சிறுமியர் மிதிவண்டியில் செல்கின்றனர்.

கிழக்குப் பக்கம் கிரான்மோர் நிலையத்தில் 1970களில் நீராவி வண்டிகள் மீண்டும் உயிர் பெற்றன. யானைகளையும் பிற வனவிலங்குகளையும் தீட்டிப் புகழ்பெற்ற ஓவியர் டேவிட் ஷெப்பர்ட் அதற்கு வித்திட்டார். பழைய நீராவி இயந்திரங்கள் உடைத்து இரும்பாக்கப்படுவதைக் கண்டு மனம் பொறாமல், தம் ஓவிய வருவாயைக் கொண்டு 1967இல் இரண்டு இயந்திரங்களை விலைக்கு வாங்கியவர் அவர். அவற்றை வைத்து ஓட்டும் இடமாகக் கிரான்மோர் அமைந்தது. ஆனால் அந்தச் சிறு பாதை வெல்ஸ் வரை வருவதில்லை.

மாறியதால் நிலைத்தவை

இனிப் பழைய கட்டடங்களைக் காண்போம். புனித அந்திரேயா பேராலயத்தின் கட்டுமானம் 1175ஆம் ஆண்டையொட்டித் தொடங்கியது. அந்நாளில் இங்கிலாந்து முழுவதும் உரோமைத் திருச்சபையைச் சேர்ந்திருந்தது. 16ஆம் நூற்றாண்டுப் பிரிவினைக்குப் பின் அது ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராலயமாயிற்று.

எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இக்கோயில் மாறாமல் நின்றது என்று எண்ணிவிடக் கூடாது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுக்கோபுரத்தை உயர்த்தினார்கள். பாரம் தாங்காமல் அடித்தளம் அமிழ்ந்தது, சுவர்கள் வெடித்தன. என்ன செய்வது? இடித்துவிடவில்லை. 1338 முதல் 1348 வரை, வில்லியம் ஜாய் என்னும் தலைமைக் கற்றச்சர் காலத்தில், கோபுரத்தின் அடியில் மூன்று பக்கங்களில் பெரிய வளைவுகளைக் கட்டினார்கள். நேரான வளைவின் தலைமேல் தலைகீழான மற்றொரு வளைவு! கத்தரிக்கோலைத் திறந்து வைத்தாற்போலத் தோன்றும் அவை, கோபுரத்தின் பாரத்தைப் பகிர்ந்து தாங்குகின்றன. இன்று பேராலயத்தைக் காணச் செல்வோர் முதலில் வியந்து நிற்பது அவற்றின் முன்தான். 1974 முதல் 1986 வரை மேற்கு முகப்பையும், அதிலுள்ள ஏறத்தாழ 300 பழஞ்சிலைகளையும் பழுதுபார்த்தனர்.

பேராலயத்துக்கு அருகில் இருப்பது விகார்ஸ் குளோஸ் என்னும் தெரு. பேராலயத்தில் பாடும் பாடகர் குழுவுக்காக 14ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அந்நாளில் பாடகர்கள் மணம் புரியாத துறவு வாழ்வினர். ஆளுக்கு ஒன்றாக 42 சிறு வீடுகள் இருந்தன. 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் அவர்கள் மணம் செய்துகொள்ளலாயினர். குடும்பத்துக்குச் சிறு வீடு போதவில்லை. இரண்டு வீடுகளுக்கு இடையிலுள்ள சுவரைத் திறந்து ஒன்றாக்கிக்கொண்டனர். இப்போது 27 வீடுகள். இன்றும் அங்கே பேராலயத்தின் பாடகர்கள் குடியிருக்கின்றனர்.

ஆயர் இல்லத்தின் பெரிய மண்டபத்துக்கு இந்த நல்வாழ்வு கிட்டவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆயர் பர்னெல் கட்டிய அம்மண்டபத்தின் கூரையிலிருந்த ஈயத்தை, 16ஆம் நூற்றாண்டின் நடுவில் விலை மதிப்புக்காகப் பெயர்த்தெடுத்தனர். கூரை போனதும் மழை உள்ளே புகுந்தது, மண்டபம் பாழடைந்தது. இன்று வெற்றுச் சுவர்களே தோட்டத்தில் நிற்கின்றன.

மெண்டிப் மருத்துவமனையின் கதை வேறு. மனநோயாளருக்காக 1848இல் திறக்கப்பட்ட அப்பெரிய கட்டடம், 1991இல் மூடப்பட்டது. இடிக்காமல் அதைக் குடியிருப்புகளாக மாற்றினார்கள்.

நம் அருட்சகோதரியர் கேட்க விரும்பும் செய்தி ஒன்றும் உண்டு. சேம்பர்லேன் தெருவில் 1877இல் கார்மேல் சபைக் கன்னியருக்காகக் கத்தோலிக்க ஆலயம் ஒன்று எழுந்தது. தம் மடத்தின் அடைப்புக்குள் செபத்திலும் மௌனத்திலும் வாழ்ந்த அக்கன்னியர், 1970களில் வெல்ஸ் நகரை விட்டு நீங்கினர். மடம் ஓய்ந்தது, ஆலயம் ஓயவில்லை. புனித சூசையப்பர், புனித தெரேசாள் பெயர் தாங்கிய அவ்வாலயம் பங்கு மக்களின் கோயிலாகத் தொடர்கிறது.

நாம் அறியும் உண்மை

எண்ணூறு ஆண்டுப் பேராலயம் நிற்க, நூற்றாண்டே ஆன புகைவண்டிப் பாதை மறைந்தது ஏன்? பழமையோ புதுமையோ காரணமன்று. கட்டடம் ஒரே இடத்தில் அடங்கியது. அதன் பழைய பயன் தீர்ந்தாலும், கூரை மட்டும் காப்பாற்றப்பட்டால், வேறொரு பயன் வரும்வரை அது காத்திருக்கும். மருத்துவமனை வீடாகலாம், மடத்தின் ஆலயம் பங்கு ஆலயமாகலாம். இருப்புப்பாதை அப்படியன்று. அது சங்கிலி போன்றது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் முழுவதும் பயனற்றுப் போகும். ஓரிடத்தில் சாலை, ஓரிடத்தில் வீடு என்று தடம் துண்டானபின் அதை மீண்டும் கூட்டுவது மிக அரிது.

இதற்கு மறுபுறச் சான்றும் உண்டு. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஓக்ஹாம்டன் நகருக்குச் சென்ற பயணிகள் வண்டி 1972இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அருகிலுள்ள கற்சுரங்கத்திலிருந்து கல் ஏற்றிச் செல்வதற்காகத் தண்டவாளத்தைப் பெயர்க்காமல் விட்டிருந்தனர். அதனால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2021 நவம்பரில், அங்கே நாள்தோறும் செல்லும் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது! தடம் இருந்தது, வண்டி திரும்பியது. வெல்ஸ் நகரில் தடம் இல்லை.

ஆகவே, ஒன்றை நிறுத்துவது வேறு, திரும்ப முடியாதபடி அழிப்பது வேறு என்பதே வெல்ஸ் நமக்குக் கற்பிக்கும் பாடம். இன்று பயனற்றதாகத் தோன்றுவது நாளை தேவைப்படலாம். நாளை வருவோருக்கும் ஒரு வாய்ப்பு விட்டுவைப்பதே அறிவுடைமை.

அன்பு மாணவியரே! நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர்கள். சிலர் அரசு அலுவலராவீர்கள். சிலர் ஊர் மன்றங்களில் அமர்வீர்கள். ஒரு பழைய கட்டடத்தையோ பாதையையோ நீக்கலாமா என்ற கேள்வி உங்கள் மேசைக்கு வரும். அப்போது வரவு செலவுக் கணக்கோடு மூன்று கேள்விகளையும் கேளுங்கள். இதனால் வழியற்றுப் போகிறவர் யார்? இதற்கு வேறொரு பயன் உண்டா? பின்னாளில் தேவைப்பட்டால் திரும்பப் பெற முடியுமா? கோபுரம் வெடித்தபோது அதை இடிக்காமல் தாங்கும் வளைவு கட்டிய அந்தக் கற்றச்சரின் பொறுமையும் நம் உள்ளத்தில் நிலைக்கட்டும்.